கும்பிடாதவர்களின் அமைதி

வியாழக்கிழமை வந்தால் பெங்களூர் விவேக் நகரில் கூட்டம் நெரியும். குழந்தை இயேசு ஆலயத்துக்கு அன்றுதான் விசேஷ நாள். கழுத்தில் சிலுவை போட்டவர்களோடு நெற்றியில் குங்குமம் இட்டவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வேலை, கல்யாணம், குழந்தை, நோய் என்று வேண்டுதல்களுக்குக் குறைவில்லை. ஆனால் எதையும் கேட்காமல், கைகூப்பாமல், ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களும் எந்த வழிபாட்டுத் தலத்திலும் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது என்ன? சாமியை நம்பாதவருக்கும் அது கிடைக்குமா?

விவேக் நகரில் வணங்கப்படும் சொரூபத்தின் மூலம் பிராக் நகரில் இருக்கிறது. 1628ல் ஒரு சீமாட்டி அங்குள்ள கார்மல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்த சிலை அது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செக் நாடுதான் இன்று ஐரோப்பாவில் மதப்பற்று மிகவும் குறைந்த நாடுகளில் ஒன்று. 2021 கணக்கெடுப்பில் சுமார் 48 சதம் பேர் மதம் இல்லை என்றார்கள். நம்பிக்கை உண்டு, ஆனால் எந்தச் சபையையும் சேர்ந்தவரில்லை என்றவர்கள் சுமார் 9.6 லட்சம். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம். மக்கள்தொகையில் கால் சதம்கூட இல்லை.

எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் அப்படி ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க பெங்களூர்க்காரர்கள் பிராக் வரை போக வேண்டியதில்லை. இதே ஊரின் பசவனகுடியில், நேஷனல் கல்லூரி விடுதியின் சிறு அறை ஒன்றில் வாழ்ந்தார் எச். நரசிம்மய்யா. கௌரிபிதனூர் பக்கத்தில் ஓசூர் என்ற கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1936ல், பள்ளி மாணவனாக, காந்தியின் இந்திப் பேச்சைக் கன்னடத்தில் மொழிபெயர்த்தவர். 1942 போராட்டத்தில் சிறை. பிறகு அமெரிக்காவில் அணு இயற்பியலில் டாக்டர் பட்டம். பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976ல், அற்புதங்களை ஆராயக் குழு அமைத்தார். சத்ய சாயி பாபாவுக்கே சவால் விட்டுக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை, பக்தர்களின் கோபம்தான் வந்தது.

இவ்வளவுக்கும் மனிதர் வாழ்ந்த விதத்தைப் பாருங்கள். கதர் உடை, காந்தி குல்லா, கல்யாணம் கிடையாது, சொத்து கிடையாது. மாணவர்களே குடும்பம். 2005ல் இறக்கும் வரை இப்படித்தான். மடாதிபதிகள் பலர் வெட்கப்பட வேண்டிய துறவு. காவி ஒன்றுதான் பாக்கி.

இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினால் காந்தியிடம் போக வேண்டும். 'கடவுளே சத்தியம்' என்று சொல்லிவந்தவர், 'சத்தியமே கடவுள்' என்று மாற்றிக்கொண்டார். அதை அவர் 1931ல் விளக்கியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, நாத்திகர்கள்கூட சத்தியத்தை மறுப்பதில்லை என்பது.

சிலருக்கு அந்தச் சத்தியம் தொண்டில் கிடைக்கிறது, சிலருக்கு வானத்தில். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983ல் நோபல் பரிசு பெற்ற விண்வெளி இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். விஞ்ஞானத்தில் அழகு என்ற விஷயத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். கருந்துளைகளின் கணிதத்தில் அவர் கண்ட பரவசத்துக்கும் பக்தரின் பரவசத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளக்கக் கருவி இல்லை.

சிக்கல் சாவு வீட்டில்தான். நம்பாதவர் போன பிறகு முடிவெடுப்பது நம்புகிறவர்கள். நேருவுக்கே அதுதான் நடந்தது. மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று 1954லேயே உயில் எழுதிவைத்தார் அவர். அஸ்தியில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் போடச் சொன்னதும் மதத்துக்காக அல்ல, சிறு வயது முதல் அந்த நதி மேல் இருந்த பற்றினால் என்றும் விளக்கியிருந்தார். 1964 மே 28 அன்று டெல்லியில் மந்திரங்கள் ஒலிக்க, பேரன் சஞ்சய் சிதைக்குத் தீ வைத்தார். அஸ்தி விஷயத்தில் மட்டும் உயிலின்படி நடந்தது. ஒரு பிடி கங்கைக்குப் போக, பெரும் பகுதி ஜூன் மாதம் விமானங்களிலிருந்து வயல்களில் தூவப்பட்டது.