எஞ்சின் லைற் அணையுதில்லையா? சாமான் மாற்ற முதல் காரணத்தைத் தேடுங்கள்

லண்டனுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே தெரிஞ்ச ஆள் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும்: "தம்பி, டீசல் கார் ஒண்டு மலிவா நிக்குது. ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல் ஓடினது. எஞ்சின் லைற் மட்டும் எரியுது, அது சின்ன வேலை." அந்தச் "சின்ன வேலை"தான் பலருடைய கையிலிருக்கும் காசைக் கரைக்கிறது. ஒரு சாமானை மாற்றுவார்கள், லைற் அணையும். ஒரு கிழமையில் திரும்ப எரியும். பிறகு அடுத்த சாமான். இதில் அகப்படாமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

கோட் என்ன சொல்கிறது?

2004 முதல் இங்கே விற்கப்பட்ட புதிய டீசல் கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 16 முனைகள் உள்ள ஒரு சொக்கெற் இருக்கும். மெக்கானிக் அதில் கருவியைக் கொழுவிக் கோட் எடுப்பார். கோட் என்பது பழுதான சாமானின் பெயர் அல்ல. சென்சர் எதைக் கண்டது என்பதை மட்டுமே அது சொல்லும். காய்ச்சல் இருக்கிறதென்று தெர்மோமீட்டர் காட்டும், என்ன வருத்தம் என்று காட்டாது. அதுபோலத்தான்.

உதாரணமாக, பி0299 என்ற கோட் வந்தால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். உடனே "டர்போ போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே கோட் வரலாம். குழாய் மலிவு, டர்போ பல நூறு பவுண்ஸ்.

ஒழுங்காகத் தேடும் முறை

1. பழுது எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். காலைக் குளிரிலா, சூடான பிறகா, ஏற்றத்திலா, வேகமாகப் போகும்போதா?

2. புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூட. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் பெரிய வேலையாக இருக்கலாம்.

3. கோட்டை அழிக்க முதல் அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அழித்தால் லைற் அணையும், பழுது போகாது.

4. மலிவானதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்: காற்று பில்டர், குழாய்கள், வயர்கள், பற்றரி, ஒயில் மட்டம்.

5. ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றி, ஓடிப் பார்த்து, திரும்பவும் கோட் எடுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" வேலை தொடங்க முதல் செலவை எழுத்தில் வாங்குங்கள்.

கிட்டத் தூர ஓட்டமும் புகைக்கரி பில்டரும்

2009 அளவிலிருந்து வந்த டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் உண்டு. பிடித்த கரியை எரிக்க அதற்குக் கடும் சூடு வேண்டும். ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் அந்தச் சூடு வராது, பில்டர் அடைத்துக்கொள்ளும். சில கார்களில் எரிக்க முயன்ற டீசல் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓடாதீர்கள். உடனே காட்டுங்கள்.

"பில்டரைக் கழற்றி எறிவம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பில்டர் கழற்றிய காரை றோட்டில் ஓடுவது குற்றம். 2014 முதல் அப்படியான கார் எம்.ஓ.ரி சோதனையிலும் பெயிலாகும். 2018 மே முதல், 2008 ஜூலைக்குப் பிறகு பதியப்பட்ட டீசல் காரில் எஞ்சின் லைற் எரிந்தாலே பெயில்.

வாங்க முதல் கட்டாயம் பாருங்கள்

* காரின் பழைய எம்.ஓ.ரி முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஒரே பழுது ஒவ்வொரு வருடமும் வந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

* 2023 ஓகஸ்ட் 29 முதல் 'யூலெஸ்' கட்டணம் லண்டன் முழுவதற்கும் உண்டு. யூரோ 6 தரத்துக்கு வராத டீசல் காரை ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ஸ். பழைய டீசல் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

* வியாபாரியிடம் வாங்கியது பழுதான காராக இருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை. அதனால் அவர் காரைப் பற்றி எழுதிய விளம்பரத்தையும் மெசேஜையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

* நீங்கள் ஹோம் ஒபிஸின் உதவிப் பணம் பெறுபவர் என்றால் கார் ஒரு சொத்தாகக் கணக்கில் எடுக்கப்படும். வாங்கினால் அறிவிக்க வேண்டும். மறைத்தால் உதவிக்கே பிரச்சினை வரலாம்.

* லைசன்சும் இன்சூரன்சும் இல்லாமல் ஒரு நாளும் ஓடாதீர்கள். உங்கள் நிலையில் ஓடலாமா என்பதை முதலில் சொலிசிற்றரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டினால் அந்த இடத்தில் நிற்பதுதான் புத்தி. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்" என்ற எண்ணம்தான் எஞ்சின் பழுதைவிடக் கூடக் காசைத் தின்னும். வாங்க முதல் சந்தேகம் இருந்தால், கார் விபரத்தை எழுதிக்கொண்டு எங்கள் ஆலோசனை நேரத்தில் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.