பயற்றங்கொடியின் வேரில்

கண்டிப் பக்கத்தில் முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் கை வைக்கிறார்கள். நாலு நாள் அடைமழை, பின்னாலேயே வாடல் நோய், செடி சாய்ந்ததும் ஆசையும் சாய்ந்துவிடும். என்னைக் கேட்டால் பயற்றங்காயில் தொடங்குங்கள் என்பேன். சந்தையில் ‘மே கரல்’ என்று சிங்களத்தில் கூவி விற்கிறார்களே, அதே நீளக் காய்தான். கரட்டும் லீக்ஸும் நுவரெலியாக் குளிரை விரும்புகிறவை. ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், வெயிலும் மழையும் மாறி மாறி வரும் கண்டி மண் பயற்றைக்குத் தாராளம். சிறுபோகத்துக்குச் சித்திரை மழையோடு போடலாம், பெரும்போகத்துக்குப் புரட்டாசி கடைசியில் போடலாம்.

ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை, விரல்கணு ஆழம். தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விதையை நிமிர்த்திப் போட்டோமா கவிழ்த்துப் போட்டோமா என்று கவலைப்பட வேண்டாம். எப்படிக் கிடந்தாலும் வேர் கீழே போகும், தண்டு மேலே வரும். வேர்நுனியின் உறைக்குள் மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை தம் பாரத்தால் எந்தப் பக்கம் படிகின்றனவோ அந்தப் பக்கமே கீழ் என்று வேர் அறிகிறது. டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் நுனி வெட்டப்பட்ட வேர் திசை தெரியாமல் வளர்வதைக் கண்டு 1880இல் எழுதினார்கள். கண்ணில்லாத ஒன்றுக்கு இருட்டுக்குள் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறான் இறைவன்.

நாலைந்து நாளில் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு ஆளுயரக் கம்பு ஒன்று நட்டால் போதும். கொடி மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையாகவே சுற்றும். அவிழ்த்து மறுபக்கமாகச் சுற்றிவிட்டுப் பாருங்கள், புதிதாக வளரும் நுனி திரும்பவும் தன் பழைய வழிக்கே போய்விடும்.

ஆனால் உண்மையான அதிசயம் கீழே இருக்கிறது. பூ விடும் பருவத்தில் ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கள். பிடுங்கினால் வேரிலுள்ள முடிச்சுகள் அறுந்து மண்ணோடு நின்றுவிடும். ஆதலால் சுற்றிலும் தோண்டி மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். வேரில் மிளகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். நோய் என்று பயந்து மருந்தடிக்க ஓடாதீர்கள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபினின் உறவுக்காரப் பொருளால் வருவது. ஒரு கொடியின் வேருக்குள் அது என்ன செய்கிறது?

காற்றில் 78 சதவீதம் நைதரசன். அதில்லாமல் இலையில்லை, சதையில்லை. ஆனாலும் செடியால் அதைக் காற்றிலிருந்து நேரே எடுக்க முடியாது. அத்தனை இறுக்கமாக அதன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. யூரியா ஆலைகளில் இந்தப் பிடியைத் தளர்த்த 400 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பமும் நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையை கண்டியின் ஹந்தானை மலைச்சரிவின் குளிர்ந்த மண்ணுக்குள், நெருப்பில்லாமல், மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா செய்கிறது. பயற்றை வேர் ஒரு பொருளைக் கசியவிட்டு அதைக் கூப்பிடுகிறது. பற்றீரியா தன் பங்குக்கு வேறொரு பொருளால் பதில் சொல்கிறது. உடனே வேர்மயிர் சுருண்டு அதை அணைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. அது தங்கும் வீடுதான் அந்த உருண்டை. வந்த விருந்தாளிக்குச் செடி சீனி கொடுக்கிறது, விருந்தாளி நைதரசன் கொடுக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நைதரசனைப் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும். பற்றீரியாவோ ஒட்சிசன் இல்லாமல் வாழாது. அந்தச் சிவப்புப் பொருள் ஒட்சிசனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து விடுகிறது. இந்த அளவுகோலை வைத்தவனை நினைத்தால் கை கூப்பத்தான் தோன்றுகிறது. ஹாலந்து நாட்டவரான பெய்ஜெரிங்க் 1888இல் இத்தகைய பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பே மனிதன் பயற்றையின் பயனை உண்டுகொண்டிருந்தான்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் தளர்ந்த கதை இங்கே இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். யூரியா மூட்டைக்கு நாடே தவித்தது. மறு வருடம் ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த நாட்களிலும் பயற்றங்கொடி தன் உரத்தைத் தானே தேடிக்கொண்டிருந்தது. பயற்றைக்கு யூரியாவை அள்ளிக் கொட்டுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நைதரசன் மண்ணில் மிஞ்சினால் செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துவிடும், இலை கொழுத்துக் காய் குறையும். ஒரு கூடை கூட்டெரு போதும். தேயிலைத் தோட்டங்களில் முருக்கு மரத்தையும் மிளகுக்கொடிக்குக் கிளிரிசீடியாவையும் நட்டவர்கள் இதே அவரைக் குடும்பத்தின் கொடையைத்தான் நம்பினார்கள்.

கொடியில் எறும்பு ஊர்ந்தால் விரட்ட அவசரப்பட வேண்டாம். பூவுக்கு வெளியிலும் பயற்றை தேன் சுரக்கும். அதைக் குடிக்க வரும் எறும்பு புழுக்களைத் துரத்தும். ஆனால் இளநுனியில் அழுக்கணவன் கூட்டம் கறுப்பாக மொய்த்து, அதை எறும்பு காவல் காத்தால் கதை வேறு. அந்த நுனியைக் கிள்ளி எறியுங்கள்.

விதைத்து ஐம்பது நாள் போல் முதல் காய். முற்றவிடாமல் பறித்துக்கொண்டே இருந்தால் பூவும் வந்துகொண்டே இருக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டுங்கள். வேர் உள்ளேயே உக்கி, சேர்த்த நைதரசனில் ஒரு பங்கு மண்ணுக்குச் சேரும். அந்த இடத்தில் முளைக்கீரை தூவலாம்.

விதைக்கென்று இரண்டு காயைக் கொடியிலேயே முற்ற விட வேண்டும். கண்டி மழைக்குக் கொடியில் முழுக்கக் காயவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சளானதும் பறித்து, கிராமத்து வீடுகளில் போல அடுப்புக்கு மேல் பரணில் புகைபடக் கட்டிவிடலாம். காஸ் அடுப்புக்காரர்கள் நிழலில் உலர்த்தி, வண்டு விழாமல் சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வைக்கலாம். அடுத்த போகத்துக்கு விதை தேடிக் கன்னொறுவை விவசாய நிலையத்தின் பக்கம் போக வேண்டியதில்லை.