சூலகப் புற்றுநோயும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்

சூலகப் புற்றுநோய் அரவமின்றி வளரும். வயிற்று உப்புசம், பசியின்மை என்று அது காட்டும் அறிகுறிகளை ‘காற்று’ என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம். என் பெரியம்மாவும் அப்படித்தான் இருந்தார். நோய் தெரிந்தபோது மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சை முடிந்து, பிளாட்டின வகை மருந்தும் ஏற்றிய பிறகு அவர் கேட்டது ஒன்றே: “எனக்கு இன்னும் எவ்வளவு காலம் டாக்டர்?” மருத்துவர் எண் எதையும் சொல்லவில்லை. அதே கட்டம், அதே மருந்து என்றிருந்தாலும் சிலர் பல்லாண்டு வாழ்கிறார்கள். சிலருக்கு விரைவிலேயே நோய் திரும்பிவிடுகிறது. ஏன்?

விடையின் ஒரு பகுதி கட்டிக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய நிலையில் இருந்த 186 கட்டிகளை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். கட்டிக்குள் டி உயிரணுக்கள் புகுந்திருந்த பெண்களில் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் 38 விழுக்காடு. புகாதிருந்தவர்களில் வெறும் 4.5 விழுக்காடு!

இவ்வுயிரணுக்கள் தாமாக வழி கண்டு வருவதில்லை. சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 போன்ற மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் அவற்றை அழைக்கின்றன. ஆனால் கட்டியும் சும்மா இருப்பதில்லை. சி.சி.எல்.22 என்னும் புரதத்தைச் சுரந்து, எதிர்ப்பை அடக்கும் வேறு வகை டி உயிரணுக்களை வரவழைத்துக்கொள்வதை 2004இல் கண்டறிந்தனர். பி.டி.எல்.1 புரதம் மிகுந்த கட்டிகளில் தாக்கும் உயிரணுக்கள் குறைவு, வாழ்நாளும் குறைவு என்று ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். ஆக, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு யார் வந்தார்கள் என்பதும் முக்கியம்.

2011இல் அமெரிக்கப் புற்றுநோய் மரபுத்தொகுதித் திட்டம் இந்நோயின் மிகப் பரவலான வகையில் 489 கட்டிகளை ஆராய்ந்து, மரபணுச் செயற்பாட்டை வைத்து நான்கு குழுக்களாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று, நோயெதிர்ப்பு விழித்திருக்கும் குழு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வில் நான்கு குழுக்களின் வாழ்நாளிடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அதன்பின் அதே பொதுத் தரவைக் கொண்டு ‘இந்த மரபணுக்கள் வாழ்நாளை முன்னறிவிக்கும்’ என்று கட்டுரைகள் வந்து குவிந்தன. பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் அரிது. ஆய்வேட்டுக்காக இத்தகைய கட்டுரையைப் படிக்கும் தம்பி தங்கைகள் முதலில் ஒன்றைப் பாருங்கள்: பட்டியல் உருவான நோயாளிகளை விட்டு, வேறு நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டதா?

முன்னறிவிப்பு வேறு, மருந்து வேறு. பி.டி.எல்.1 வழியை அடைக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை, நோய் திரும்பிய 376 பெண்களுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கே.