மழைக்கு முன்னாடி ஒரு கவாத்து: செடிக்கும் சம்பளத்துக்கும்

ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் போனப்போ உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினா அங்கே வேலை நின்னுடும். மழை ஓய்ந்து, பாத்தியைச் சரிசெய்து, மறுபடி உப்பு வாரும் வரை கூலி கிடையாது. அந்த மாதங்களுக்கான காசை வெயில் காலத்திலேயே எடுத்து வைக்கணும்.

அந்தக் கரையோர வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்குதான். முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும். புரட்டாசிக்குள் உயரத்தைக் குறைச்சிடுங்க. செம்பருத்தி, அரளியில் நெருக்கமான கிளைகளைக் கழிச்சு விடுங்க. வேரில் தண்ணீர் நிற்காத மாதிரி வடிகால் வெட்டி, மண் அணைங்க. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தப்போ, அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அன்னைக்குக் கத்தரியைத் தேடி என்ன பிரயோஜனம்?

இப்போ உங்க சம்பளம். இஎம்ஐ சேர்த்து மாதச் செலவு 25,000 ரூபாய்னா, மூணு மாதத்துக்கு 75,000. பார்க்காத ஓடிடி சந்தா, போகாத ஜிம் எல்லாத்தையும் கவாத்து பண்ணி மாதம் 5,000 ஒதுக்கினா, 15 மாதத்தில் சேர்ந்துடும். பங்குச்சந்தையில் போடாதீங்க, தனி சேமிப்புக் கணக்கு, இல்லன்னா எஃப்டி போதும்.

உப்பளத்துக்காவது மழை எந்த மாதம்னு தெரியும். நம்ம வேலை போற மாதம் நமக்குத் தெரியாது.