கிட்டங்கியின் நடுவில் நின்றவர் யார்?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை ஆகிய ஊர்களுக்குப் போனவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள்.

வீடுகளா அவை? கோட்டைகள்! ஒரு தெருவில் வாசல். அடுத்த தெருவில் கொல்லை. உள்ளே பர்மாத் தேக்குத் தூண்கள்.

இந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும் பகுதி கடல் கடந்து வந்தது. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களில் நகரத்தார் செய்த லேவாதேவித் தொழிலில் வந்தது.

இது பலருக்கும் தெரியும். ஆனால் ஒரு கேள்வி. பாஷை தெரியாத நாட்டில், சொந்தபந்தம் இல்லாத பட்டணத்தில், இருபது வயது வாலிபன் எப்படிப் பிழைத்தான்? லட்சக் கணக்கான ரூபாயை எப்படிக் காப்பாற்றினான்?

அவன் தனியாகப் போகவில்லை. அவனைச் சுற்றி ஓர் ஏற்பாடும் கூடவே போயிற்று!

பெட்டியடிப் பையன்

"கொண்டு விற்கப் போகிறான்" என்று சொல்லித்தான் செட்டிநாட்டில் பிள்ளைகளைக் கப்பல் ஏற்றுவார்கள்.

போனதும் அவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் படிப்பான். தேறினால் அடுத்தாள் ஆவான். இன்னும் தேறினால் மேலாள். கடையின் முழுப் பொறுப்பும் அவன் கைக்கு வரும்.

முதலாளி செட்டிநாட்டிலே இருப்பார். மேலாளை வழக்கமாக மூன்று வருஷத்துக்கு அனுப்புவார். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அது வீட்டுக்கு. ஆகவே அவன் கவலையின்றிக் கப்பல் ஏறலாம்.

ஒரே கூரை

போய் இறங்கும் இடம் கிட்டங்கி. நீண்ட கூடம். சுவர் ஓரமாக வரிசையாகப் பெட்டிகள், சாய்வு மேஜைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடை! பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். பகலில் அது கடை. இரவில் அதுவே படுக்கை அறை.

பல கடைக்காரர்கள் சேர்ந்து வாடகை கொடுப்பார்கள். சமையல்காரர் ஒருவரே எல்லோருக்கும் ஊர்ச் சமையல் செய்து போடுவார். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் பெயர் பெற்றவை. 1970-களில் அந்தக் கட்டடங்கள் மறைந்தன.

கிட்டங்கிக்குத் துணை கோயில். சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் 1859-ம் ஆண்டு கட்டினார்கள். சாமி கும்பிடுவதோடு கோயிலின் வேலை முடியவில்லை. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். வழக்குகளைப் பேசித் தீர்த்ததும் அங்கேதான்.

பணம் அனுப்ப உண்டியல் இருந்தது. உண்டியல் என்றால் ஒரு சீட்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி, வேறோர் ஊரில் காட்டிப் பணம் பெறலாம். மூட்டை கட்டிப் பணத்தைச் சுமக்க வேண்டாம். கள்ளர் பயம் இல்லை.

கணக்குக்குப் பேரேடு. லாப நஷ்டம் காட்ட ஐந்தொகை. அது ஊருக்குப் போகும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் கடையின் நிலவரம் முதலாளிக்குத் தெரியும்.

பெட்டி, பேரேடு, உண்டியல், சமையல், கோயில் — தனித் தனியாகப் பார்த்தால் இவை சாதாரணம். ஒன்றோடு ஒன்றைக் கோத்ததில்தான் பலம் இருந்தது. 1930-ம் ஆண்டை ஒட்டி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன. போட்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய்!

விட்டுப்போன இருவர்

இத்தனை அருமையான ஏற்பாட்டில் இரண்டு பேருக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை.

ஒருவர், ஊரில் இருந்த ஆச்சி. பெரும்பாலும் கணவர் மட்டுமே கடல் கடந்து போனார். வீடும் பிள்ளைகளும் ஆச்சியின் தலையில். பணம் வந்தது, ஆள் வர மூன்று வருஷம் ஆயிற்று.

மற்றவர், பர்மிய விவசாயி. காட்டைத் திருத்தி வயலாக்கியவர் அவர். விதைக்கும் மாட்டுக்கும் அறுவடைக் கூலிக்கும் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிட்டங்கி கொடுத்தது. அந்தக் கடனால்தான் பர்மா உலகத்துக்கே அரிசி அனுப்பியது. அதை மறுக்க முடியாது.

ஆனால் விளைச்சல் விலை விழுந்தால் விவசாயி என்ன செய்வார்? முதலாளியின் பணத்துக்குக் காவல் இருந்தது. மேலாளுக்குச் சாப்பாடும் படுக்கையும் இருந்தன. விவசாயிக்கு இருந்தது ஒன்றே ஒன்று — அடகு வைத்த நிலம்.

விலை சரிந்தது

1930-ம் ஆண்டு உலகமெங்கும் மந்தம். அடுத்து வந்த வருஷங்களில் நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் அப்படியே நின்றது. விவசாயியிடம் பணம் இல்லை. நிலம் கை மாறியது.

கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய ஜில்லாக்களின் கணக்கைப் பாருங்கள். 1930-ல் 100 ஏக்கருக்கு 6 ஏக்கர் நகரத்தாரிடம் இருந்தது. 1938-ல் அது 25 ஏக்கர்!

அவர்கள் கேட்டது நிலம் அல்ல, பணம். நிலம் வந்து கழுத்தில் தொங்கியது. பர்மியர் மனத்தில் கசப்பு வளர்ந்தது. பிறகு யுத்தம். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஏராளமான இந்தியர் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர் பலர். 1948-ல் பர்மா விடுதலை அடைந்தது. அதே ஆண்டு நிலங்களைச் சர்க்கார் உடைமையாக்கச் சட்டம் வந்தது. போட்ட முதல் போயிற்று. செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டிக் கிடக்க அதுவும் ஒரு காரணம்.

இன்று உங்கள் கையில்

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்று கிட்டங்கி உங்கள் சட்டைப் பையிலே இருக்கிறது! கைப்பேசி, வங்கிக் கணக்கு, கடை, கடன் எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்த ஏற்பாடு அது. ஒரு விரல் அழுத்தினால் கடன் வருகிறது.

வாங்கியவர்கள் சிலர் பட்ட பாடு ஊரறிந்தது. தவணை தவறியதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். ஆகவே 2022-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. வட்டியும் கட்டணமும் சேர்த்து மொத்தச் செலவை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். கடன் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் தர வேண்டும். கைப்பேசியில் உள்ள பெயர்ப் பட்டியலைத் தொடக் கூடாது.

புதிய வசதி எதுவும் உங்கள் வாசலுக்கு வந்தால், அது எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வருஷம் வருமானம் நின்றுபோனால் இந்த ஏற்பாட்டில் நமக்கு என்ன இடம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள்.

பர்மிய விவசாயிக்காக அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. நஷ்டம் அவரோடு நிற்கவும் இல்லை.