முழங்காலுக்குப் பகையா ஸ்குவாட்?

உடற்பயிற்சிக் கூடத்திற்குப் புதிதாகச் செல்வோருக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. “ஸ்குவாட் செய்யும்போது முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக்கூடாது. ரொம்பக் கீழே போகாதீர்கள், மூட்டு தேய்ந்துவிடும்!” இதைக் கேட்டுப் பயந்து, பலர் அந்தப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். தொடைத் தசை வலுவிழந்தால் மாடிப்படி ஏறுவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் சிரமமாகிவிடும். எனவே, அந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பது அவசியம்.

பயம் எங்கிருந்து வந்தது?

1961ஆம் ஆண்டில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், பளுதூக்குவோரின் முழங்கால்களைச் சோதித்தார். முழுமையாகக் குந்தி எழுவது மூட்டைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்திவிடும் என்றார். பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் பயம் மட்டும் நிலைத்துவிட்டது.

விரல் நுனி விதியை 2003ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சோதித்தது. முழங்கால் முன்னே செல்லாதபடி பலகையால் தடுத்தபோது, முழங்காலில் விழும் திருகு விசை சுமார் 22 விழுக்காடு குறைந்தது. இடுப்பில் விழுந்ததோ பத்து மடங்குக்கு மேல் கூடியது. ஏழு பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் எளிது. முழங்காலைத் தடுத்தால் உடல் முன்னால் சாய்கிறது. சுமை காணாமல் போவதில்லை. இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இடம் மாறுகிறது. தொடை நீளமானவர்களுக்கு முழங்கால் சற்று முன்னே செல்வது இயல்பே.

சரியான முறை

* பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள்.
* மூச்சை ஆழமாக இழுத்து, வயிற்றை இறுக்கிக்கொள்ளுங்கள்.
* இடுப்பையும் முழங்காலையும் ஒரே நேரத்தில் மடக்கி, நிதானமாக இறங்குங்கள்.
* முழங்கால்கள் பாதம் நோக்கும் திசையிலேயே செல்லட்டும். உள்பக்கம் சரிய வேண்டாம்.
* குதிகால் தரையை விட்டு எழக்கூடாது.
* கீழ்முதுகு வளையத் தொடங்கும் இடத்திற்கு முன்பே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் ஆழம்.
* அடியில் துள்ளாமல், பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுங்கள்.

குதிகால் எழுகிறதா? கணுக்கால் இறுக்கம் காரணமாக இருக்கலாம். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் கால் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். முடியாவிட்டால், இதையே தினமும் பயிற்சியாகச் செய்யுங்கள். அதுவரை குதிகாலுக்கு அடியில் மெல்லிய எடைத்தட்டு வைத்துக்கொள்ளலாம்.

அவசரம்தான் ஆபத்து

முழங்கால் வலிக்குப் பல நேரங்களில் காரணம் ஸ்குவாட் அல்ல, எடையை அவசரமாகக் கூட்டுவதுதான். தசை சில வாரங்களில் வலுவடைந்துவிடும். தசைநாண்களுக்கோ மாதக்கணக்கில் ஆகும். வெறும் கம்பியே பெரும்பாலும் 20 கிலோ இருக்கும். புதியவர்கள் முதலில் எடையில்லாமல் பழகி, பிறகு கம்பிக்குப் போகலாம்.

வயதானவர்களுக்கு நாற்காலி போதும். மெதுவாக உட்கார்ந்து, கையூன்றாமல் எழுவதும் ஸ்குவாட்தான். கோவிலில் போடும் தோப்புக்கரணமும் இதன் உறவுதானே! மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் தொடையை வலுப்படுத்தும் பயிற்சியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அளவையும் ஆழத்தையும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

லேசான வலி மறுநாளுக்குள் அடங்கிவிட்டால், எடையையோ ஆழத்தையோ குறைத்துத் தொடரலாம். வீக்கம், குத்தும் வலி, மூட்டு பூட்டிக்கொள்வது, கால் திடீரென நழுவுவது ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை கண்ணாடி முன் நிற்கும்போது, முழங்கால் விரலைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டாம். அது உள்பக்கம் சரிகிறதா, குதிகால் எழுகிறதா என்று பாருங்கள்.