இணைய விளம்பர வலையமைப்பு: விளம்பரத்தின் இடம் தீர்மானிக்கப்படும் முறை

இணைய விளம்பர வலையமைப்பு என்பது விளம்பரதாரர்களையும், தம் பக்கங்களில் விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கும் இணையதளங்களையும் இணைக்கும் அமைப்பாகும். எந்த விளம்பரம் எந்தப் பக்கத்தில் தோன்ற வேண்டும் என்பதை இதில் பெரும்பாலும் மனிதர் எவரும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணினிகளுக்கிடையே நடக்கும் ஏலமே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறக்கும் இருவருக்கு வெவ்வேறு விளம்பரங்கள் தெரியலாம்.

தொடக்கம்

முதலில் இணைய விளம்பரமும் நாளிதழ் விளம்பரம் போலவே விற்கப்பட்டது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணையதளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பதாகை விளம்பரம் இவ்வாறு விலை பேசி வெளியிடப்பட்டது. தளங்கள் பெருகியபோது ஒவ்வொன்றுடனும் தனித்தனியே பேரம் பேச இயலாமல் போனது. வலையமைப்புகள் தோன்றியதற்கு இதுவே காரணம்.

பக்கத்தின் பொருளும் மொழியும்

2003இல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் சேவை, பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்து அதற்கேற்ற விளம்பரத்தை இடும் முறையைப் பரவலாக்கியது. தள உரிமையாளர் ஒரு சிறிய நிரலைத் தன் பக்கத்தில் சேர்த்தால் போதும். கூகுளின் தானியங்கி நிரல் அப்பக்கத்தைப் படித்து, அது சமையல் பற்றியதா, கிரிக்கெட் பற்றியதா என வகைப்படுத்தும்.

இம்முறைக்கு மொழியறிவு தேவை. ஆதரிக்கப்படாத மொழியில் அமைந்த பக்கங்களில் ஆட்சென்ஸ் நிரலை இட விதிகள் இடம் தரவில்லை. இந்திக்கு 2014 டிசம்பரிலும் தமிழுக்கு 2018இலும்தான் ஆதரவு கிடைத்தது. அதுவரை தமிழ்த் தளத்துக்கு எத்தனை வாசகர் இருந்தாலும் இந்த வருமானத்துக்கு முறையான வழி இல்லை. தரத்துக்கும் வாசகர் எண்ணிக்கைக்கும் இதில் தொடர்பே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஏலம் நடக்கும் விதம்

வாசகர் பக்கத்தைத் திறந்ததும் உலாவி வழியாக ஒரு கோரிக்கை செல்கிறது. பக்க முகவரி, விளம்பரக் கட்டத்தின் அளவு, கருவியின் வகை, ஏறத்தாழ எந்த ஊர், அந்த உலாவிக்கு முன்பே இடப்பட்ட அடையாள எண் ஆகியவை அதில் இருக்கலாம். விளம்பரதாரர்களின் சார்பில் இயங்கும் மென்பொருள்கள் அதைப் பார்த்து விலை கூறுகின்றன. பொதுவாக இவை அனைத்தும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

கூடுதல் விலை கூறியவரே வெல்வார் என்பது எப்போதும் உண்மையன்று. பல விளம்பரதாரர்கள் விளம்பரம் சொடுக்கப்பட்டால் மட்டுமே பணம் தருகிறார்கள். ஒருவர் சொடுக்குக்கு 10 ரூபாய் தர முன்வருகிறார். ஆயிரம் பேரில் 2 பேர் சொடுக்குவர் என அமைப்பு கணிக்கிறது. அவரது மதிப்பு ஆயிரம் காட்சிக்கு 20 ரூபாய். இன்னொருவர் 4 ரூபாய்தான் தருகிறார். ஆனால் 8 பேர் சொடுக்குவர் என்பது கணிப்பு. அவரது மதிப்பு 32 ரூபாய். இடம் இரண்டாமவருக்கே கிடைக்கும். விளம்பரதாரரின் அன்றைய செலவு வரம்பு, ஒரே ஆளுக்கு எத்தனை முறை காட்டலாம் என்ற கட்டுப்பாடு போன்றவையும் கணக்கில் சேரும்.

வாசகரைப் பின்தொடர்தல்

இணையக் கடையொன்றில் கிரைண்டர் விலை பார்த்தவர், பிறகு சங்க இலக்கியக் கட்டுரை படிக்கும்போதும் அதே கிரைண்டர் எதிரே வந்து நிற்கும். கட்டுரைக்கும் கிரைண்டருக்கும் தொடர்பில்லை. கடை அவரது உலாவியில் விட்டுச்சென்ற நினைவியே (குக்கீ) அதற்குக் காரணம். இங்கே விற்கப்படுவது பக்கம் என்பதைவிட வாசகரின் கவனம் என்பதே பொருத்தம். ஏலத்தில் தோற்றவர்களுக்கும் கோரிக்கையில் உள்ள தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதால் தனியுரிமை ஆர்வலர்கள் இம்முறையை நீண்ட காலமாக எதிர்க்கின்றனர். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020இல் பிற தளங்களின் நினைவிகளை முழுமையாகத் தடுத்தது. அத்தகைய இடங்களில் பக்கத்தின் பொருளைப் பார்க்கும் பழைய முறைக்கு மீண்டும் மதிப்பு கூடியுள்ளது.

தவிர்க்கப்படும் பக்கங்கள்

2017இல் தீவிரவாதக் காணொளிகளுக்கு அருகே தம் விளம்பரம் தோன்றுவதை அறிந்த பல பெரிய நிறுவனங்கள் யூடியூபிலிருந்து விளம்பரங்களை நிறுத்திவைத்தன. விலக்க வேண்டிய சொற்களின் பட்டியலை விளம்பரதாரர்கள் வைத்திருப்பதும் வழக்கம். இது முரட்டுத்தனமான கருவி. 2020இல் 'கொரோனா' என்ற சொல் பல பட்டியல்களில் சேர்ந்தபோது, வாசகர்கள் மிகுதியாகப் படித்த செய்திகளுக்கே விளம்பரம் குறைந்தது. தள உரிமையாளரும் தன் பங்குக்குச் சூதாட்டம் போன்ற வகைகளைத் தடுக்கலாம். போட்டி குறைவதால் வருமானமும் சற்றுக் குறையலாம்.

ஏலம் நடத்துபவர்

கூகுள் 2008இல் டபுள்கிளிக் நிறுவனத்தை வாங்கி முடித்தது. இதன்பின் தளங்கள் இடத்தை விற்கும் கருவி, விளம்பரதாரர் வாங்கும் கருவி, நடுவிலுள்ள சந்தை ஆகிய மூன்றிலும் அது வலுப்பெற்றது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே தரகர். ஏலம் விடுபவரும் அவரே. இதை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2023இல் வழக்குத் தொடுத்தது. விற்பனைக் கருவி, சந்தை ஆகிய இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியதாக வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.